கண் எரியாத ஜாடி

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, எந்தச் சாயத்தை எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது சுவரில் ஒட்டியிருக்கிறது. பெரும்பகுதியை இப்போது இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. நான் சொல்ல நினைப்பது, ஒரு சனிக்கிழமை மதியம் நான் செய்த தவறை. என் டைரியில் அந்த நாளின் பக்கம் மிக ஒழுங்காக இருக்கிறது. அதைப் படிக்கிற யாரும், இந்த அம்மா எதையும் விடவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த முதல் பத்தாண்டுகளின் நடுப்பகுதி அது. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் மூன்று அறைகள். முன்னறையில் ரத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள். பின்னறையில் திசுப் பரிசோதனை. அங்கே இரண்டே பேர்: மேடமும் நானும். மேடம் சென்னையில் ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் நோய்க்குறியியல் டாக்டராக இருந்தவர். கணவரின் ஊர் இது என்பதால் வந்து லேப் தொடங்கினார். என்னைவிட எட்டு வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மேடம் என்பேன். கரண்ட் போனால், மெழுகு உருக்கும் பெட்டி ஆறிவிடாமல் இருக்க இருவரும் அதைப் பழைய கம்பளியால் போர்த்திவிட்டு, கரண்ட் வரும்வரை மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வேகவைத்துத் தின்றபடி உட்கார்ந்திருப்போம். அதைவிட வசதியான லேபுகளில் பிறகு வேலை பார்த்திருக்கிறேன். அவ்வளவு சிரித்ததில்லை.

அந்த ஊருக்கே உரிய ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் எல்லா ஊரிலும், ஆபரேஷனில் எடுத்த உறுப்பை வைக்க வேண்டிய பாத்திரத்தை நோயாளியின் வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். மற்ற ஊர்களில் பிளாஸ்டிக் வாளி வரும், மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு வரும். எங்களுக்குப் பீங்கான் ஜாடி வரும். மேலே காபி நிறம், கீழே பால் வெள்ளை, ஊறுகாய் போடுகிற அதே ஜாடி. விருத்தாசலத்தைச் சுற்றிப் பீங்கான் யூனிட்டுகள் அதிகம், சொந்தத்தில் யாராவது ஒருவர் அதில் வேலை பார்ப்பார். அவர் கொண்டுவந்துவிடுவார். எங்கள் அலமாரியில் ஒரு வரிசை முழுக்க அந்த ஜாடிகள்தான் நின்றன. முதல் முறை வந்த ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, "மேடம், என்ன ஊறுகாய்?" என்று கேட்டார். மேடம் சொன்ன பதிலுக்குப் பிறகு அவர் டீ குடிக்கவில்லை.

வேலு அப்படித்தான் வந்தான். இருபத்தாறு வயது இருக்கும், யூனிட்டில் ஜாடிகளுக்கு கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போடுகிறவன். ஜாடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் படியேறினான். அவனுடைய அக்கா அஞ்சலைக்குத் திட்டக்குடியில் ஒரு நர்சிங் ஹோமில் அன்று காலைதான் பெருங்குடல் கட்டியை எடுத்திருந்தார்கள். திட்டக்குடியை அடுத்த நம்ம மங்களூர்ப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். அஞ்சலைக்கு முப்பத்து மூன்று வயது.

"டப்பா எடுத்தாரச் சொன்னாங்கக்கா. நான் கிளேஸ் போட்ட ஜாடி. ஒரு பொட்டு கொற பாக்க முடியாது" என்றான்.

"செகண்ட்ஸா, கழிச்சதா?" என்று கேட்டேன்.

"எங்கக்காவுக்கு செகண்ட்ஸ் எடுப்பனா? பஸ்ட் குவாலிட்டிக்கா."

என் டைரியில் இருப்பதை அப்படியே தருகிறேன். 'பகல் 2.50. ஜாடியில் கழுத்து வரை திரவம். மூடி மேல் துணிக்கட்டு. சிந்தல் இல்லை. திறந்தபோது நெடி குறைவு, கண் எரியவில்லை. நிலை: நன்று.'

உறுப்பு அழுகாமல் இருக்க ஊற்றும் பார்மலினைத் திறந்தால் கண் எரியும் என்பது உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அன்று எரியவில்லை. ஜாடியின் மூடி நல்ல மூடி, நர்ஸ் சரியான அளவில் கலந்திருக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. குடலை அன்றே நீளவாக்கில் வெட்டித் திறந்து புது பார்மலினில் மாற்ற வேண்டும் என்பது மேடம் வைத்திருந்த விதி. மேடம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தார். ஜாடி நிறைய திரவம் இருக்கிறதே, திங்கட்கிழமை மேடம் வந்து பார்க்கட்டும் என்று மூடி வைத்தேன். ஏப்ரல் மாதம், ஓட்டுக்குக் கீழே வெந்துகொண்டிருந்த மாடி அறை.

திங்கட்கிழமை திறந்து வெட்டும்போது குடலின் நடுப்பகுதி குழைவாக இருந்தது. கட்டி இருந்த இடம்தானே, அழுகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். கட்டி குடல் சுவரைத் தாண்டவில்லை, நிணநீர் முடிச்சுகளுக்கும் போகவில்லை என்று மேடம் எழுதினார். அது நல்ல செய்தி, சரியான செய்தியும்கூட. ஆனால் இவ்வளவு சிறிய வயதில் வந்திருக்கிறதே என்று மேடத்துக்கு உறுத்தியது. வேலுவிடம் விசாரித்தார். அம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில் போய்விட்டதாக அவன் சொன்னான். மேடம் மெழுகுக் கட்டையில் பதித்த திசுவைச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினார்.

எதற்கென்று சுருக்கமாகச் சொல்கிறேன். செல் இரண்டாகும்போது தன் மரபணுவை நகல் எடுக்கிறது. நகலில் விழும் பிழைகளைத் திருத்துவதற்கு நான்கு புரதங்கள் முக்கியமானவை. அதில் ஒன்று இல்லாவிட்டால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். மரபணு நிலையின்மை என்கிறோம். சில குடும்பங்களில் அது பரம்பரையாக வரும். குடலிலும் கர்ப்பப்பையிலும் புற்றுநோயாக வெளிப்படும். சோதனையில் புரதம் இருந்தால் செல்லின் கரு பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கட்டி நீலமாக இருக்கும்போது, அதற்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல திசு பழுப்பாக இருக்க வேண்டும். நல்ல திசுவும் நீலமாக நின்றால், புரதம் இல்லை என்று அர்த்தமில்லை. சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம்.

மூன்று வாரத்தில் சென்னையிலிருந்து ரிப்போர்ட் வந்தது. மூன்று புரதங்கள் உள்ளன, நான்காவது இல்லை. கூடவே கண்ணாடி ஸ்லைடுகளும் வந்தன. அந்த வாரம் வேலை குவிந்திருந்தது. மேடம் ரிப்போர்ட்டைப் படித்து, எங்கள் தாளில் அதையே எழுதிக் கையெழுத்திட்டார். ஸ்லைடு பெட்டிக்கு நான் எண் ஒட்டி அலமாரியில் வைத்தேன். பெட்டியை நாங்கள் திறக்கவில்லை.

அந்தத் தாளை வைத்துத் திட்டக்குடி சர்ஜன் ஒரு முடிவு எடுத்தார். முதல் ஆபரேஷனில் குடலை வயிற்றுக்கு வெளியே தற்காலிகமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். அதை மூடுவதற்கு இரண்டாவது ஆபரேஷன் செய்ய வேண்டும். அப்போதே கர்ப்பப்பையையும் எடுத்துவிடலாம் என்றார். பரம்பரை நோய், அம்மாவுக்கும் வந்திருக்கிறது, காத்திருக்க வேண்டாம் என்பது அவர் கணக்கு. அந்தத் தாள் சரியாக இருந்தால் அது நியாயமான கணக்குதான். அஞ்சலைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை.

ஆபரேஷன் ஒரு திங்கட்கிழமைக்குக் குறித்திருந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை, சர்ஜனின் ஆபரேஷன் ஃபைலில் வைக்க ரிப்போர்ட்டின் நகல் ஒன்று வாங்க வேலு வந்தான். அலமாரியில் கழுவிக் கவிழ்த்திருந்த தன் ஜாடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஜாடி இன்னும் இருக்குதாக்கா?"

"இருக்குது. நல்ல ஜாடி தம்பி. அன்னிக்கி தொறந்தப்ப கண்ணுகூட எரியல. மூடி அவ்ளோ டைட்டு."

வேலு சிரித்தான். "மூடியா? பஸ்ஸுல வந்து பாத்திருக்கணும். பொண்ணாடம் வர்றதுக்குள்ள பாதி பஸ்ஸு அழுவுது. கண்டக்டரு கத்துறாரு, யோவ் இன்னாயா எடுத்துக்கினு வர, எறங்குய்யான்னு. பெண்ணாடத்துல எறங்கி முக்காவாசிய ஊத்திட்டு, பஸ் ஸ்டாண்டு பைப்புல நல்ல தண்ணியா புடிச்சி ரொப்பிட்டேன். அடுத்த பஸ்ஸுல ஒருத்தரும் மூச்சு வுடல."

திட்டக்குடிக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் இருக்கும் பெண்ணாடத்தை முதலில் பொண்ணாடம் என்றும் பிறகு பெண்ணாடம் என்றும் அவன் சொன்னதுகூட எனக்கு நினைவிருக்கிறது. மனம் வேறு எதையும் பிடிக்க மறுத்த நொடி அது.

"சுத்தமான தண்ணிக்கா" என்றான், என் முகத்தைப் பார்த்து. "குடிக்கிற தண்ணிதான்."

மேடம் நான்கு மணிக்குத்தான் வருவார். அப்போது மணி பன்னிரண்டே கால். நகலைக் கொடுத்தனுப்பினால் அது அன்று மாலையே சர்ஜன் கைக்குப் போகும். கொடுக்க முடியாது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நான் டெக்னீஷியன். தாள் மேடத்துடையது. மேடத்துக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

"பிரிண்டரு வேல செய்யல தம்பி. நாளைக்கி வாயேன்" என்றேன். பிரிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. இந்தப் பொய்யையும் டைரியில் எழுதியிருக்கிறேன்.

அவன் போனதும் பெட்டியை எடுத்து ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். படித்துச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் பதினேழு வருடம் சாயம் போட்ட கைக்குப் பழுப்பு எது, நீலம் எது என்று தெரியும். முதல் மூன்று ஸ்லைடிலும் பழுப்பு மங்கலாக, திட்டுத்திட்டாக இருந்தது. நான்காவதில் கட்டி நீலம். ஸ்லைடை நகர்த்திப் பக்கத்தில் இருந்த நல்ல திசுவைத் தேடினேன். அதுவும் நீலம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பழுப்பாக ஒரு செல்கூட இல்லை.

மேடம் வந்ததும் பையைக் கீழே வைக்கவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை நான் குடலைத் திறக்காமல் விட்டதையும் சொன்னேன்.

"சென்னைலதான் படிச்சிருக்காங்கக்கா. நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்றார் மேடம்.

அவர் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார். நான்காவது ஸ்லைடை இரண்டு முறை பார்த்தார். பிறகு கண்ணை எடுக்காமலே, "கையெழுத்து மட்டும்தான் போட்டேன்னு ஒரு டாக்டர் சொல்லலாமாக்கா?" என்று கேட்டார்.

மேடம் சர்ஜனுக்குப் போன் போட்டார். அவர் கெட்டிக்காரர், குரல் பெரியது. ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்டது.

"அம்மா கர்ப்பப்பைல போயிருக்காங்க. பொண்ணுக்கு முப்பத்திமூணுல குடல்ல வந்திருக்குது. இன்னும் என்னம்மா வேணும் உங்களுக்கு? தியேட்டர் புக் பண்ணியாச்சு, மயக்க டாக்டருக்குச் சொல்லியாச்சு."

"சோதனை நடக்கவே இல்ல சார். இல்லைன்னு நான் எழுதினது தப்பு."

"சரி, தப்பாவே இருக்கட்டும். எடுத்துட்டா பயமில்ல. ஒம்பது வருஷமா வராத புள்ள இனிமேதான் வரப்போவுதா?"

மேடம் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். அந்த சர்ஜனிடமிருந்துதான் எங்களுக்குப் பாதி வேலை வந்துகொண்டிருந்தது.

"எடுக்குறதா வேண்டாமாங்கறது அந்தம்மா முடிவு சார். நீங்க எடுத்துச் சொல்லுங்க, அவங்க யோசிக்கட்டும். ஆனா என் பேப்பர வெச்சு வேண்டாம். அந்தப் பேப்பர நான் திரும்ப வாங்கிக்கிறேன். இன்னும் பத்து நிமிஷத்துல உங்களுக்கு ஃபேக்ஸ் வரும்."

ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுவது என்று எங்கள் லேபில் அதற்கு முன் நடந்ததில்லை. அதற்கு ஒரு படிவம்கூடக் கிடையாது. வெள்ளைத் தாளில் மேடம் கையால் எழுதினார். எட்டு வரி. 'தவறு எங்களுடையது' என்பது மூன்றாவது வரி. ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்த சீட்டை டைரியில் ஒட்டினேன். மறுநாள் சர்ஜன் தேதியைத் தள்ளி வைத்தார். ஒரு மாதம் எங்களுக்கு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. பிறகு, முன்பு வந்ததைவிட அதிகம் வந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

மறு சோதனைக்கு நல்ல திசு வேண்டும். ஜாடியில் வந்ததிலிருந்து எடுத்தால் மறுபடியும் அதே கதைதான். முதலில் நோயைக் கண்டுபிடித்தபோது புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் குழாய் விட்டு நெல்மணி அளவு சதை எடுத்திருந்தார்கள். அந்தத் துணுக்கு அங்கேயே சின்ன பாட்டிலில், சரியான பார்மலினில் பதப்பட்டு மெழுகுக் கட்டையாக இருந்தது. நோயாளியின் கையெழுத்தோடு யாராவது போனால் தருவார்கள். யார் போவது என்ற கேள்வி வந்தபோது, நான் போகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு வேலுவையே அனுப்பினேன்.

வியாழக்கிழமை நகல் வாங்க வந்தவனிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரால் என்ன ஆகியிருக்கும் என்று சொன்னபோது அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "திட்டுங்கக்கா" என்றான். திட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. பார்மலினைக் கொட்டக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் வந்தது எப்படி என்று நானும் கேட்கவில்லை. கண் எரியாததைக் கண்ணாரப் பார்த்து எழுதி வைத்தவள் நான்.

"புதுச்சேரி போவணும். ஒரு மெழுகுக் கட்ட குடுப்பாங்க, தீப்பெட்டிய விடச் சின்னது" என்றேன். "வெயில்ல வெக்காத. எதுலயும் ஊற வெக்காத."

"தண்ணியே குடிக்க மாட்டேங்க்கா" என்றான்.

அவன் மறுநாள் மாலை திரும்பி வந்தான். கட்டையைக் கைக்குட்டையில் சுற்றி, அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, பைமேல் ஊக்கு குத்தியிருந்தான். கொடுத்துவிட்டு, எங்கே ஏறினான், எங்கே இறங்கினான், பஸ்ஸில் எந்தப் பக்கம் வெயில் அடித்தது, எந்த ஊரில் மறுபக்கத்து சீட்டுக்கு மாறினான் என்று ஒவ்வொன்றாக ஒப்புவித்தான். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

கட்டையைச் சென்னை லேபுக்கு அனுப்பி இரண்டு வாரம் ஆயிற்று. இந்த முறை ஸ்லைடுகள் வந்ததும் மேடம் ரிப்போர்ட் உறையைப் பிரிக்கவே இல்லை. முதலில் பெட்டியைத் திறந்தார். நான்காவது ஸ்லைடைப் பார்த்துவிட்டு எழுந்து, நாற்காலியை எனக்குத் தந்தார். கட்டியும் பழுப்பு, நல்ல திசுவும் பழுப்பு. நான்கு புரதமும் இருந்தன. பிறகுதான் உறையைப் பிரித்தோம். அதிலும் அப்படியே இருந்தது.

புதுத் தாளில் மேடம் கவனமாக எழுதினார். இந்தக் கட்டியில் அந்தப் பரம்பரைக் கோளாறின் அடையாளம் இல்லை. ஆனாலும் தாயின் நோயை மனதில் வைத்து வருடா வருடம் பரிசோதனை தேவை. கர்ப்பப்பையை எடுக்க இந்தச் சோதனையில் காரணம் எதுவும் இல்லை. சர்ஜன் குடலை மட்டும் மூடினார்.

அஞ்சலைக்குப் பிறகு குழந்தை பிறந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அது எங்கள் சோதனையின் பகுதி இல்லை.

ஆனால் தையல் பிரித்த பிறகு ஒருநாள் அவர் லேபுக்கு வந்தார். அதுவரை அவருடைய குடலின் துண்டைத்தான் எனக்குத் தெரியும், அவரைத் தெரியாது. மெலிந்த, உயரமான பெண். கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படியேறி வந்தார். பின்னால் வேலு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"மொதல்ல ஒரு பேப்பரு, அப்பறம் வேற பேப்பரு. மொதல்ல வந்தது ஏன் அப்பிடி வந்துச்சுன்னு டாக்டரக் கேட்டா, லேபுல போயிக் கேளுங்கறாரு. இவனக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறான். ஒழுங்கா சோறு தின்னு எத்தினி நாளாச்சு. வூட்டுக்கே வர மாட்டேங்குறான்" என்றார்.

அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை. என்னைப் பார்த்தான். மேடமும் என்னைப் பார்த்தார்.

"ஜாடிய வாங்கினது நான்தாம்மா" என்றேன். "கேக்க வேண்டியத கேக்கல. அன்னிக்கே குடலத் தொறந்து மாத்தியிருக்கணும், மாத்தல. தப்பு என்னுது."

அதோடு முடிந்திருக்கும். வேலுதான் விடவில்லை.

"நான் தண்ணி ஊத்திட்டேங்க்கா" என்றான் அஞ்சலையிடம். "பெண்ணாடத்துல. மருந்தக் கொட்டிட்டு தண்ணி ஊத்திட்டேன்."

அஞ்சலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வாரோ என்று மேடம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலை அடிவயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இவன் புத்தி எப்பவும் இதாங்க" என்றார் என்னிடம். "சின்னதுல சொசைட்டிக்குப் பாலு எடுத்துட்டுப் போடான்னா, வழியிலயே பாதியக் குடிச்சிப்புட்டு பைப்புல ரொப்பிட்டுப் போவான். அங்க வுட மாட்டாங்க. ஒரு கண்ணாடிக் குச்சிய பால்ல வுட்டுப் பாத்து, இதுல தண்ணி இருக்குதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாங்க. எங்கப்பா போயி தலயக் குனிஞ்சிக்கினு நிப்பாரு."

வேலுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அஞ்சலை சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவரைப் போல என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பாலுக்கே ஒரு குச்சி வெச்சிருக்காங்களே. ஒங்ககிட்ட அது மாதிரி ஒண்ணு இல்லீங்களா?"

இல்லை என்றேன்.

இன்றும் நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. உங்கள் கைக்கு வரும் ஜாடியோ பாட்டிலோ எங்கெங்கே நின்று வந்தது என்று எந்த இயந்திரமும் சொல்லாது. அதனால் மாதிரியை வாங்கியதும் எண் போட அவசரப்படாதீர்கள். கொண்டுவந்தவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேளுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.